வயலுக்கு நடுவே தீவுகள்!

தீவு எங்கே இருக்கும்? கடலில் இருக்கும், ஏரியில் இருக்கும். நெல் வயலுக்கு நடுவே தீவு இருக்குமா?

இருக்கிறது! ஜப்பான் நாட்டில், அகிதா மாகாணத்தில், கிசகதா என்ற ஊரில் இருக்கிறது. வயல்களுக்கு இடையே சின்னச் சின்னக் குன்றுகள். அவற்றின் உச்சியில் பைன் மரங்கள். "தொண்ணூற்றொன்பது தீவுகள்" என்று அவற்றுக்குப் பெயர்.

இந்தக் குன்றுகள் அங்கே எப்படி வந்தன?

மலை ஓடியது!

ஊருக்கு அருகே சோகாய் என்ற எரிமலை நிற்கிறது. அதன் உயரம் 2,236 மீட்டர். கி.மு. 466-ம் ஆண்டில் அதன் வட பக்கம் அப்படியே சரிந்து விழுந்தது. அன்று மண்ணில் புதைந்த மரங்களின் வளையங்களை ஆராய்ந்துதான் இந்த ஆண்டைக் கண்டுபிடித்தார்கள்.

எரிமலை என்றால் நெருப்புக் குழம்பு ஓடும் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே ஓடியது மலையே!

எரிமலைக்குள் இருக்கும் சூடும் ஆவியும் பாறையை உளுத்துப் போகச் செய்கின்றன. பிறகு ஒரு நில நடுக்கம் போதும், மலை சரிந்து விடும். பாறை நொறுங்கி, வெள்ளம் போலப் பாயும். ஆனால், எல்லாமே தூளாகி விடுவதில்லை. வெல்லப் பாகில் கடலை மிதப்பது போல, பெரிய பெரிய மலைத் துண்டுகள் அதில் மிதந்து வரும். ஓட்டம் நின்றதும், வந்த இடத்திலேயே குன்றாக நின்று விடும்.

அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980 மே 18-ந் தேதி இப்படித்தான் சரிந்தது. சரிந்தது சுமார் 2½ கன கிலோ மீட்டர் மலை! சரியும்போதே போட்டோவும் எடுத்து விட்டார்கள். அடிவாரத்தில் இதே மாதிரிக் குன்றுகள்! வேறு இடங்களில் புதிராக இருந்த பல குன்றுகளின் பிறப்பும் அதன் பிறகுதான் விளங்கிற்று.

சிறையில் மாண்ட துறவி

கிசகதாவில் மலைத் துண்டுகள் கடலுக்குள் போய் விழுந்து தீவுகள் ஆயின. புகழ் பெற்ற கவிஞர் பாஷோ 1689-ல் இங்கே வந்து, படகில் சென்று அழகைக் கண்டார்.

1804-ல் பெரிய நில நடுக்கம். தரை 2 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. தண்ணீர் வடிந்து விட்டது. படகு போன இடத்தில் சேறு!

அந்தப் பகுதியை ஆண்ட பிரபு அதை வயலாக்க முற்பட்டார். தீவுகளை வெட்டிச் சமன் செய்யும் வேலையும் நடந்தது. சோறு வேண்டியதுதான், அதற்காக அழகை அழிப்பதா? கன்மன்ஜி என்ற புத்தர் கோவிலின் தலைமைத் துறவி காகுரின் எதிர்த்து நின்றார். அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். 1822-ல் சிறையிலேயே அவர் உயிர் விட்டார்.

ஆனால், மிஞ்சிய குன்றுகள் பிழைத்தன. 1934-ல் ஜப்பான் அரசு அவற்றை இயற்கைச் சின்னமாக அறிவித்துச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது.

மே மாதத்தில் நடவுக்காக வயல்களில் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அந்தச் சில நாட்கள் மட்டும், நாற்று வளர்ந்து மறைக்கும் வரை, குன்றுகளின் நிழல் தண்ணீரில் ஆடும். பாஷோ கண்ட தீவுகள் மறுபடியும் தீவுகளாகவே தெரியும்!