பியரும் வாய்ச் சுகாதாரமும்

சாராயம் அருந்துபவரைக் குடிகாரர் என ஒதுக்கும் நமது சமூகத்தில், பியர் அருந்துவது பாரதூரமான விடயமாகக் கருதப்படுவதில்லை. அது பார்லியில் தயாராவது, உடலுக்குக் குளிர்ச்சி தருவது என்றெல்லாம் நியாயங்கள் கூறப்படுகின்றன. இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைச் சிறு கணக்கொன்றே உணர்த்திவிடும். 8 சதவீத மதுசாரம் கொண்ட 625 மில்லிலீற்றர் பியர் போத்தலொன்றில் 50 மில்லிலீற்றர் தூய மதுசாரம் அடங்கியுள்ளது. இது ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் சாராயத்தில் உள்ள அளவாகும்.

ஈரல் பாதிப்பு பற்றிப் பலரும் அறிவர். ஆனால் மதுபானம் முதலில் தொடும் இடமான வாயைப் பற்றிச் சிந்திப்போர் குறைவு.

பல்லின் கடினமான மேற்படையான மிளிரி, அமிலத்தன்மை மிகும்போது கரையத் தொடங்குகின்றது. பீ.எச். பெறுமானம் சுமார் 5.5 இற்குக் கீழே செல்லும்போது இது நிகழும். பெரும்பாலான பியர் வகைகளின் பெறுமானம் 4 இற்கும் 4.5 இற்கும் இடைப்பட்டது. அதில் எஞ்சியிருக்கும் மாச்சத்தும் வெல்லமும் வாயிலுள்ள பற்றீரியாக்களுக்கு உணவாகி மேலும் அமிலத்தைத் தோற்றுவிக்கின்றன. இந்த அமிலத்தைத் தணித்துப் பற்களைக் காப்பது உமிழ்நீராகும். மதுசாரமோ உடலிலிருந்து நீரை வெளியேற்றி வாயை வரளச் செய்கின்றது. மணிக்கணக்காகச் சிறிது சிறிதாக அருந்துவோரின் பற்கள் மீள வலுப்பெற அவகாசமே கிடைப்பதில்லை. பல் துலக்காமலேயே உறங்கிவிடுவதால் சூத்தையும் முரசு நோயும் விரைவுபடுகின்றன.

இதனிலும் பாரதூரமானது புற்றுநோயாகும். சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988 ஆம் ஆண்டிலேயே மதுபானங்களைப் புற்றுநோய்க் காரணிகளாக வகைப்படுத்தியது. இதில் பியருக்கு விதிவிலக்கு இல்லை. மதுசாரம் உடைந்து உருவாகும் அசற்றல்டிகைட்டு, கலங்களின் மரபுப் பொருளைச் சிதைக்கின்றது. புகைத்தலும் சேரும்போது ஆபத்து பன்மடங்காகின்றது.

இலங்கையில் ஆண்களிடையே அதிகம் பதிவாகும் புற்றுநோய்களில் முன்னணியில் இருப்பது வாய்ப் புற்றுநோயே. வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் இதற்குப் பிரதான காரணமாகும். புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்குபவை என அதே முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுப்பு தெரிவிக்கின்றது. ஆகவே, மதுவைத் தொடாதவர்களும் வெற்றிலை மெல்லுபவர்களாயின் தமக்கு ஆபத்தில்லை எனக் கருதிவிட முடியாது. அவ்வாறே, மதுசாரம் அற்ற இனிப்பான மோல்ட் பானங்களும் கோலா வகைகளும் அமிலத்தாலும் சீனியாலும் பற்களைத் தாக்குகின்றன. கோலா, பியரை விடவும் அமிலத்தன்மை கூடியது.

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்கு மதுபானம் விற்பதைத் தடை செய்கின்றது. எனினும், "பியர் தானே" என்று மூத்தோர் கூறும் ஒரு வார்த்தை அச்சட்டத்தின் நோக்கத்தையே வீணாக்கிவிடும்.

வாய்க்குப் பாதுகாப்பான மதுபானம் என ஒன்றில்லை. பழக்கத்தைக் கைவிடுவதே சிறந்த வழியாகும். அமிலப் பானம் எதனை அருந்தினாலும் உடனே பல் துலக்காது, நீரால் கொப்பளித்து, அரை மணி நேரத்தின் பின்னர் புளோரைட்டு அடங்கிய பற்பசையால் துலக்குதல் வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெண்ணிற அல்லது செந்நிறத் தழும்பு, வாயைத் திறப்பதில் சிரமம் என்பன காணப்படின் தாமதியாது பல் வைத்தியரை நாட வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளில் இப்பரிசோதனை இலவசமாகும். ஆரம்பத்திலேயே கண்டறியப்படும் வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது என்பதை நாம் மறந்துவிடலாகாது.