கணிப்பொறித் திரையில் சாளரங்களின் அடுக்குமுறை

கணிப்பொறியின் திரைக்கு நீளமும் அகலமும் உண்டு, ஆழம் கிடையாது. ஆயினும் அதில் திறக்கப்படும் சாளரங்கள், மேசைமீது பரப்பிய காகிதங்களைப் போல, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பனவாகவே கண்ணுக்குத் தோன்றுகின்றன. இத்தோற்றம் இயல்பாக அமைவதன்று. எந்தச் சாளரம் மேலே, எது கீழே என்பதை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, அதன்படியே திரையைத் தீட்டும் ஏற்பாட்டினால் அது உண்டாக்கப்படுகிறது. குறுக்கே செல்லும் அச்சை எக்ஸ் என்றும், நெடுக்கே செல்வதை ஒய் என்றும் வழங்குவதை ஆசிரியர்கள் அறிவர். மூன்றாம் அச்சாகிய இசட்டைக் கொண்டு இப்பட்டியலை 'இசட் வரிசை' என்பர். ஒரு சாளரத்தைச் சொடுக்கினால் அது பட்டியலின் தலைக்கு ஏறுகிறது. அதற்கு மேலே இருந்தவை ஒரு படி இறங்குகின்றன.

ஒன்றையொன்று மறைக்கும் சாளரங்கள் 1970-களில், அமெரிக்காவில் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் உருவாயின. ஆப்பிள் நிறுவனத்தார் 1979-ல் அங்கே சென்று பார்வையிட்டனர். பாதி மறைந்த சாளரத்தின் புலப்படும் பகுதியை மட்டும் தீட்டும் முறை அங்கே கைவந்துவிட்டதென்றே அவர்களுள் ஒருவரான பில் அட்கின்ஸன் எண்ணினார். உண்மையில் அம்முறை அங்கே இருக்கவில்லை. இருப்பதாக நம்பியமையால் அவரே அதனைக் கண்டுபிடித்துவிட்டார் என்பது விந்தையே. 1983-ல் வெளிவந்த லிஸாவிலும், 1984-ல் வந்த மெக்கின்டாஷிலும் அவருடைய முறையே பயன்பட்டது.

அன்று இதற்கிருந்த அவசியத்தைச் சிறு கணக்கினால் விளக்கலாம். முதல் மெக்கின்டாஷின் நினைவகம் 128 கிலோபைட்டு, அதாவது 1,31,072 பைட்டு. அதன் கறுப்பு-வெள்ளைத் திரையில் 512 × 342 புள்ளிகள் இருந்தன. ஒரு முழுத்திரைப் படத்துக்கு 21,888 பைட்டு தேவை. ஆறு சாளரங்களின் படங்களைச் சேமித்து வைக்கப் புகுந்தால் நினைவகம் முழுவதும் தீர்ந்து, அதற்கு மேலும் வேண்டியிருக்கும். ஆதலால் மறைந்த பகுதியின் படம் சேமிக்கப்படவில்லை. மறைப்பு நீங்கியதும், அப்பகுதியைத் திரும்பத் தீட்டுமாறு உரிய நிரலுக்கு ஆணை பிறந்தது. மைக்ரோஸாப்ட் நிறுவனம் 1985-ல் வெளியிட்ட முதல் விண்டோஸில் நிரல்களின் சாளரங்கள் தரையோடுகளைப் போலப் பக்கம்பக்கமாகவே அமைந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறும் வசதி 1987-ல் இரண்டாம் பதிப்பில்தான் வந்தது.

இன்று 1920 × 1080 புள்ளிகள் கொண்ட வண்ணத் திரைக்கு, புள்ளிக்கு 4 பைட்டு வீதம், ஏறக்குறைய 83 லட்சம் பைட்டு தேவைப்படுகிறது. ஆயினும் நினைவகம் அதனினும் பன்மடங்கு பெருகிவிட்டமையால், ஒவ்வொரு சாளரத்தின் முழுப் படத்தையும் தனித்தனியே வைத்து, இறுதியில் ஒன்றாக இணைத்துக் காட்டுதல் வழக்கமாகிவிட்டது. தீட்டும் தொல்லை இவ்வாறு தீர்ந்தது. யார் மேலே இருப்பது என்னும் வழக்கு மட்டும் தீரவில்லை.

அவ்வழக்கில் நிரல் எழுதுவோர் அறிய வேண்டியது சாளரங்களுக்கிடையேயான உறவு. விண்டோஸில், தலைமைச் சாளரத்தினுள்ளேயே அடங்கி, அதன் எல்லைக்கு வெளியே தோன்றாதது உட்சாளரம். வெளியே நகரக்கூடியதாயினும், தன் தலைமைச் சாளரத்துக்கு எப்போதும் மேலாகவே நிற்பது சார்புச் சாளரம். தலைமை சுருக்கப்பட்டால் இதுவும் மறையும், தலைமை அழிந்தால் இதுவும் அழியும். இவ்விரண்டிலும் சேராதது தனிச் சாளரம். “மாற்றங்களைச் சேமிக்கவா?” என்பது போன்ற வினாவைக் கேட்கும் சாளரம் சார்புச் சாளரமாக இருத்தல் வேண்டும். அதைத் திறக்கும்போது அதன் தலைமை இன்னதென்று நிரலில் குறிப்பிட்டாலே போதும். மற்றதை இயக்க அமைப்பு பார்த்துக்கொள்ளும்.

இக்குறிப்பு விடுபட்டால் நேர்வது சிறு தொல்லையன்று. பயனர் வேறொரு நிரலுக்குச் சென்று திரும்பும்போது தலைமைச் சாளரம் மேலே வர, வினாச் சாளரம் அதன் பின்னே ஒளிந்துகொள்ளலாம். விடை கிடைக்கும்வரை தலைமைச் சாளரம் எந்த விசைக்கும் இணங்காது. பொறி நின்றுவிட்டதென்று கருதி மின்சாரத்தை நிறுத்துவோர் உண்டு. பகல் முழுவதும் பதிந்த மதிப்பெண்களோ, கள அளவைக் குறிப்புகளோ சேமிக்கப்படாமல் இருந்திருப்பின் அத்துடன் ஒழிந்தன.

இதைக் கண்ட சிலர், வினாச் சாளரத்தை 'எப்போதும் மேலே' என்னும் தனி வகுப்பில் சேர்த்துவிடுகின்றனர். இது நோயினும் கொடிய மருந்து. அச்சாளரம் பிற நிரல்களின் மீதும் ஏறி நின்று, தனக்குத் தொடர்பில்லாத வேலைகளை மறைக்கும். இரண்டு நிரல்கள் இவ்வாறு பிடிவாதம் செய்து, நொடிதோறும் தம்மை முன்னே தள்ளிக்கொண்டால், திரை மின்னுவதன்றி வேறு பயன் விளையாது. உருப்பெருக்கி, திரை விசைப்பலகை முதலியவற்றுக்கே இவ்வகுப்பு தகும். இத்தகைய மிகைகளைக் கண்டே, விண்டோஸ் 98 முதற்கொண்டு, பின்னணியில் உள்ள நிரல் தானாக முன்வருவதற்குத் தடை விதிக்கப்பட்டது. அதன் பொத்தான் பணிப்பட்டையில் மின்னி அழைக்கும், அவ்வளவே. லினக்ஸ் உலகில் 2008-ல் தொடங்கப்பட்ட வேலண்ட் முறை இன்னும் கண்டிப்பானது: சாதாரண நிரல் தன் சாளரம் திரையில் எங்கே இருக்கிறதென்று அறியவும் இயலாது, தன் தலைமை எது என்பதை மட்டும் தெரிவிக்கலாம்.

பாதுகாப்பும் இதில் அடங்கியுள்ளது. ஒரு சாளரத்தின் மீது பொய்யான மற்றொன்றைப் போர்த்தி, பயனரை ஏமாற்றி இசைவு பெறுதல் கூடும். ஆகவே விஸ்டா முதலாக, நிர்வாக அனுமதி கேட்கும் விண்டோஸ் வினா, வழக்கமான அமைப்பில், பிற சாளரங்கள் நுழைய இயலாத தனித் திரைத்தளத்தில் தோன்றுகிறது.

களப்பணியாளரும் ஆசிரியரும், பொறி அசைவற்றுப் போனதாகத் தோன்றினால், மின்சாரத்தை நிறுத்துமுன் ஆல்ட் விசையை அழுத்தியவாறே டேப் விசையைத் தட்டிப் பார்க்கவேண்டும். திறந்துள்ள சாளரங்கள் வரிசையாகக் காட்டப்படும். அவ்வரிசையில் வினாச் சாளரம் தனியே காணப்படின் அதைத் தேர்ந்து விடையளிக்கலாம். அது தனியே காணப்பட்டதென்ற செய்தியை நிரலை வழங்கியவருக்கு எழுதும் குறையறிக்கையிலும் சேர்த்தல் நன்று. தலைமை குறிப்பிடப்படாமல் விடுபட்டதற்குப் பெரும்பாலும் அதுவே அடையாளம்.