உங்களுக்குத் தெரியுமா? மாங்கனி ஊரும் மாஸ்கோவும்!

ரஷ்ய மொழிக்கு எத்தனை எழுத்து தெரியுமா? வெறும் 33! சின்ன வயதிலேயே 247 எழுத்தையும் முழுங்கி ஏப்பம் விட்ட சேலம், நாமக்கல் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு வார வேலை!

அந்த 33-லும் இரண்டு எழுத்துக்குச் சத்தமே கிடையாது! பக்கத்து எழுத்தை மென்மையாக்கும், இல்லையென்றால் பிரித்துவைக்கும். அவ்வளவுதான்!

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுக்கொடுக்க மணிக்கணக்கு வைத்திருக்கிறது. ரஷ்யன் கடின மொழி, சுமார் 1,100 வகுப்பு மணி நேரமாம்! அதே வரிசையில் அதே 1,100 மணி நேரத்தோடு இன்னொரு மொழியும் நிற்கிறது. எது? நம் தமிழ்! அதை நீங்கள் ஃபீஸ் கட்டாமலே படித்துவிட்டீர்கள்!

ரஷ்யனில் வேற்றுமை ஆறு. தமிழில் எட்டு! ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் திணறும் இடத்தில், ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஒப்பித்து வளர்ந்தவர் தைரியமாக உட்காரலாம்!

எண்ணிக்கைதான் வேடிக்கை! ஒன்று என்றால் ஒருமை. 2, 3, 4 வந்தால் பெயர்ச்சொல் ஒரு வடிவம். 5 முதல் 20 வரை வேறு வடிவம். 21 வந்ததும் மறுபடி ஒருமை! நாமக்கல் பண்ணையில் முட்டையை ரஷ்யனில் எண்ணிப் பாருங்கள், தட்டு முடிவதற்குள் தலை சுற்றும்!

நடந்து போனால் ஒரு வினைச்சொல். வண்டியில் போனால் வேறு வினைச்சொல்! ஒரு பக்கமாகப் போவதற்கு ஒன்று, போய்த் திரும்புவதற்கு இன்னொன்று! ஊர் ஊராகச் சுற்றும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர் ரஷ்யன் பேசினால் இத்தனையும் தேவைப்படும்!

ரஷ்யர் பெயரின் நடுவில் அப்பா உட்கார்ந்திருப்பார்! லேவ் நிக்கலாயெவிச் டால்ஸ்டாயின் அப்பா நிக்கலாய். வாத்தியாரை அழைக்கும்போது அவர் பெயரோடு அவர் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் மரியாதை. நமக்கு இனிஷியல் இருக்கிறதே! ஆர்.கே.நாராயணின் 'ஆர்' நம்ம ராசிபுரம், 'கே' அவர் அப்பா கிருஷ்ணசுவாமி!

பூங்கொத்து கொடுக்கப் போகிறீர்களா? எண்ணிக் கொடுங்கள்! ஒற்றைப்படை என்றால் வாழ்த்து. இரட்டைப்படை என்றால் துக்க வீடு! 101, 501 என்று மொய் எழுதும் நமக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்!

ஜனவரி 1-ல் ஒரு புத்தாண்டு. ஜனவரி 13 இரவு இன்னொரு புத்தாண்டு! பழைய நாட்காட்டிக் கணக்குப்படி அதையும் கொண்டாடுகிறார்கள். இங்கே பொங்கல் பானையைத் தேய்த்துக் கவிழ்க்கும் அதே நாட்களில்!

இனி வருபவைதான் இந்த வாரத்தின் வைரங்கள்!

1908-ல் டால்ஸ்டாய் 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' எழுதினார். அதில் திருக்குறள் இருக்கிறது! 'இன்னா செய்யாமை' அதிகாரம்! 1909-ல் அந்தக் கடிதத்தைக் காந்தி குஜராத்தியில் மொழிபெயர்த்தார். எங்கே வைத்து? நடுக்கடலில், தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில்!

1785-ல் ஒரு ரஷ்ய வயலின் கலைஞர் சென்னையில் வந்து இறங்கினார். பெயர் கெராசிம் லெபெதெவ். இரண்டு வருடம் இங்கேயே இருந்து தமிழும் கற்றார்!

அலெக்சாண்டர் மெர்வார்த், லுத்மிலா மெர்வார்த் என்ற தம்பதி 1914-ல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் கிளம்பினார்கள். முதல் உலகப் போர் முழுக்க இந்தப் பக்கமே சுற்றினார்கள்! அவர்கள் சேர்த்த பொருட்கள் பீட்டர்ஸ்பர்க் குன்ஸ்ட்கமேரா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அலெக்சாண்டர் மெர்வார்த் அதோடு விடவில்லை. 1929-ல் லெனின்கிராடிலிருந்து ரஷ்யர்களுக்காகத் தமிழ் இலக்கணம் வெளியிட்டார். செந்தமிழுக்கு அல்ல, பேச்சுத் தமிழுக்கு!

1960-ல் மாஸ்கோவில் தமிழ்-ரஷ்ய அகராதி வந்தது. பியாதிகோர்ஸ்கியும் ருதினும் தொகுத்தார்கள். எத்தனை சொற்கள்? சுமார் 38,000! 1963-ல் திருக்குறள் ரஷ்யனில். 1966-ல் சிலப்பதிகாரம் ரஷ்யனில்! மதுரை எரிந்த கதையை மாஸ்கோவாசி மெட்ரோ ரயிலில் உட்கார்ந்து படிக்கலாம்!

மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அலெக்சாண்டர் துபியான்ஸ்கி. சங்கக் கவிதைகளைத் தோண்டித் துருவியவர். 2010 கோவை செம்மொழி மாநாட்டுக்கும் வந்தார். 2020 நவம்பரில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டிய பெயர் அது!

எழுத்தாளர் ஜெயகாந்தனுக்கு 2011-ல் ரஷ்ய அரசு கொடுத்தது 'நட்புறவு விருது'!

'இயற்கை' படம் பார்த்தீர்களா? அதன் மூலம் தஸ்தயெவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்'! 'பேராண்மை'? அதன் மூலமும் ஒரு சோவியத் கதைதான்! இரண்டையும் எடுத்தவர் ஒரே ஆள், எஸ்.பி.ஜனநாதன்!

விஸ்வநாதன் ஆனந்த் காய் நகர்த்திப் பழகிய இடம்? சென்னை சோவியத் கலாசார மையத்தின் தால் செஸ் கிளப்!

ஏற்காட்டின் உயரம் சுமார் 1,515 மீட்டர். ரஷ்யாவின் பைக்கால் ஏரி ஆழம் 1,642 மீட்டர்! அத்தனை பேரும் மூச்சு வாங்க ஏறும் ஏற்காடு அந்த ஏரிக்குள் முழுகிவிடும்!

இப்போது மருத்துவக் கனவோடு ரஷ்யா கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு! வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் வார்டில் படுத்திருக்கும் பாட்டி எங்கே வலிக்கிறது என்று ரஷ்யனில்தான் சொல்வார்! மொழி தெரியாத டாக்டர் அங்கே என்ன செய்வார்? ஆகவே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அயல்நாட்டவருக்கான ரஷ்ய மொழித் தேர்வில் இடைநிலைக்கு, அதாவது பி1 படிக்கு, வேண்டிய சொற்கள் சுமார் 2,300. ஒரு நாளைக்குப் பத்து சொல் படித்தால் 230 நாள்! ஒரு வருடம்கூட முழுசாக வேண்டாம்!

எழுத்து, வாசிப்பு, கேட்டல், பேச்சு, இலக்கணம் என்று ஐந்து தாள். தேர்ச்சிக்கு அடிப்படை அளவு 66 சதவீதம். பிளஸ் டூவில் சென்டம் குவிக்கும் நாமக்கல்லுக்கு 66 ஒரு பொருட்டா!

கிளம்பும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். சென்னை ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் ரஷ்ய மாளிகை இருக்கிறது. மொழி வகுப்பும் நடக்கிறது. சேலத்தில் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் சென்னை. போய் விசாரித்துவிட்டு வாருங்கள்!