சிறு விமானத்தில் ஏறுகிறீர்களா? விமானியறையைக் கேட்டுப் பாருங்கள்

பெரிய விமானத்தில் விமானியறைக் கதவு பூட்டியிருக்கும். நான்கு பேர் உட்காரும் செஸ்னாவில் நாம் உட்காருவதே விமானியறைதான். முன் வலது இருக்கை கிடைத்தால், விமானி கையில் இருப்பதுபோலவே நம் மடிக்கு நேராகவும் ஒரு கட்டுப்பாட்டுச் சக்கரம், காலடியில் இரண்டு பெடல்கள். மலேசியாவின் பூச்சோங்கில் பிள்ளையை விமானியாக்கக் கனவு காணும் பெற்றோரும், பிறந்தநாளுக்கு அரைமணி நேரம் பறக்கப் பணம் கட்டுவோரும் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு நெம்புகோல் என்ன செய்யும் என்பதை இந்த வட்டாரமே பார்த்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 17 பிற்பகல், லங்காவியிலிருந்து சுபாங்குக்கு வந்துகொண்டிருந்த பீச்கிராப்ட் 390 ரகச் சிறு ஜெட், ஷா ஆலம் எல்மினா அருகே சாலையில் விழுந்தது. உள்ளே இருந்த 8 பேரும், கீழே தன் வழியில் போய்க்கொண்டிருந்த ஒரு காரோட்டியும் ஒரு மோட்டார் சைக்கிளோட்டியும் மாண்டனர். தரையிறங்க அனுமதி கிடைத்துச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. விமான விபத்து விசாரணைப் பிரிவு 2024இல் இறுதி அறிக்கையை வெளியிட்டது. தரையிறங்குமுன் செய்யும் சரிபார்ப்பின்போது இணை விமானி 'லிஃப்ட் டம்ப்' தகடுகளைத் தவறுதலாக விரித்துவிட்டார் என்பதே அதன் முடிவு. சக்கரம் தரையைத் தொட்ட பிறகு இறக்கையின் தூக்குவிசையை ஒழிக்க இருக்கும் தகடுகள் அவை. வானத்தில் விரித்தால் விமானம் விழத்தான் செய்யும்.

சரிபார்ப்புப் பட்டியல் என்ற வழக்கமே ஒரு விபத்தில் பிறந்தது. 1935 அக்டோபர் 30, அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் 299 மேலேறியதும் விழுந்தது. காற்றில் அசையாதிருக்க வால் பகுதியில் போட்ட பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். பாடம் படித்தாகிவிட்டது என்று நினைத்தால், 2014இல் மாசசூசெட்ஸில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் அதேபோன்ற பூட்டோடு ஓடியதில் 7 பேர் இறந்தனர். அந்த விமானம் அதற்குமுன் மேலேறிய 175 தடவைகளில் 98 விழுக்காட்டில் முழுமையான கட்டுப்பாட்டுச் சோதனை நடக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அதன் விமானிகள் கற்றுக்குட்டிகள் இல்லை, அனுபவசாலிகள். அனுபவம்தான் சில நேரம் பட்டியலை மடித்து வைத்துவிடுகிறது.

ஆகவே உங்கள் விமானி பட்டியலைக் கையில் எடுத்துப் படிக்கிறாரா என்று பாருங்கள். செஸ்னாவில் கட்டுப்பாட்டுத் தண்டில் செருகிய பூட்டுக்கம்பி வெளியே வந்துவிட்டதா? எரிபொருளை முள்ளை மட்டும் பார்த்துச் சொல்கிறாரா, இறக்கைமேல் ஏறிக் கோல் விட்டு அளந்தாரா? சக்கரத்தை இடப்பக்கம் திருப்பினால் இடது இறக்கையின் பின்விளிம்புத் தகடு மேலே எழ வேண்டும். சன்னல் வழியே நீங்களே பார்க்கலாம். உட்கார்ந்ததும் இருக்கையை முன்னும் பின்னும் ஒருமுறை உலுக்குங்கள். கொக்கி சரியாக விழாமல், மேலேறும்போது இருக்கை பின்னுக்குச் சரிந்து, பிடித்திருந்த சக்கரத்தையும் சேர்த்து இழுத்த விபத்துகள் இந்த ரக விமானங்களில் நடந்திருக்கின்றன. பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், கைப்பையை மடியில் வைக்காதீர்கள், செல்ஃபிக்காக எதையும் தொடாதீர்கள்.

கேட்டால் கோபிப்பாரோ என்ற தயக்கம் நம்மவர்களிடம் அதிகம். நல்ல விமானி மகிழ்ந்துதான் பதில் சொல்வார். முகம் சுளித்தால் இறங்கிவிடுங்கள். முன்பணம் போனால் போகட்டும். விமானியின் உரிமம், மருத்துவச் சான்று, விமானத்தின் பறக்கும் தகுதிச் சான்று மூன்றையும் கேட்கலாம். மலேசியாவில் பதிவான விமானத்தின் குறியீடு 9எம் என்று தொடங்கும். எல்மினாவில் விழுந்தது அமெரிக்கப் பதிவில் இருந்த விமானம். அதன் குறியீடு 'N' என்ற எழுத்தில் தொடங்கியது. வெளிநாட்டுப் பதிவு குற்றமில்லை, ஆனால் பராமரிப்பை யார் கண்காணிக்கிறார்கள் என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கும். பயிற்சிப் பள்ளி என்றால் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அங்கீகாரம் உண்டா என்பதை ஆணையத்திடமே விசாரியுங்கள்; விளம்பரத் தாளை நம்ப வேண்டாம்.

அசம்பாவிதம் நடந்துவிட்டால் காலக்கெடுதான் முதல் எதிரி. கட்டணப் பயணத்தில் விமான நிறுவனத்தின்மேல் 1974ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டப்படி வழக்கென்றால் 2 ஆண்டு. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின்கீழ் இறந்தவரை நம்பியிருந்தவர்கள் தொடுக்கும் வழக்குக்கு 3 ஆண்டு. பிரிவுத் துயருக்கான தொகை 2019 திருத்தத்துக்குப் பின் 30,000 வெள்ளி. அதைத் தவிர வருமான இழப்பையும் கோரலாம். கீழே சாலையில் போனவர் அடிபட்டால், 1969ஆம் ஆண்டு சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டப்படி விமானத் தரப்பின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. உணவு விநியோகம், வாடகைக் கார் என்று சொந்தமாக ஓடுபவர்கள் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் பதிந்திருந்தால், வேலை நேர விபத்துக்கு அந்த வழியிலும் கேட்கலாம்.

விசாரணை அறிக்கை இனி இப்படி நடக்காமல் தடுக்கத்தான் எழுதப்படுகிறது. பழி சுமத்துவது அதன் வேலையில்லை. இழப்பீட்டை அதுவே வாங்கித் தரும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள், அறிக்கை வரும் முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள்.

இன்னொன்று, வீட்டு அலமாரியில் இருக்கும் காப்புறுதிப் பத்திரம். தனிநபர் விபத்துக் காப்புறுதிகள் பலவற்றில், உரிமம் பெற்ற விமான நிறுவனத்தில் கட்டணம் கட்டிப் போகும் பயணிக்குத்தான் பாதுகாப்பு. நண்பரின் விமானத்தில் இலவசமாகப் போவதும் பறக்கப் பழகுவதும் விலக்குப் பட்டியலில் பொடி எழுத்தில் இருக்கும். பறக்கும் நாளுக்கு முன்பே முகவரைக் கூப்பிட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.