மூளை நலம், நோய் மூட்டில்

பொத்தானை அமுக்கியதும் சிவப்பு விளக்கு எரிகிறது. ஒரு நொடியில் அணைகிறது. மறுபடி எரிகிறது, அணைகிறது. திரையிலும் அதே தாளத்தில் ஏதோ வந்து வந்து மறைகிறது. 1985இல் நியூயார்க் கடைகளுக்கு வந்த நின்டெண்டோவின் என்இஎஸ் பெட்டியோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கண்சிமிட்டல் நன்றாகப் பழக்கம். கேசட்டை உருவுவார்கள், அடியில் வாய் வைத்து நாலு ஊது ஊதுவார்கள், திரும்பச் செருகுவார்கள். பல நேரம் விளையாட்டு ஓடிவிடும். தொண்ணூறுகளில் இங்கே டிவி கேம் ஆடிய நாங்களும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, அதையேதான் செய்தோம்.

ஊதியதற்கும் ஓடியதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு. உருவித் திரும்பச் செருகும்போது கேசட்டின் உலோகப் பட்டைகளும் பெட்டிக்குள் இருக்கும் ஊசிகளும் உரசிக்கொள்கின்றன. அந்த உரசலில் படிந்திருந்த அழுக்கு கொஞ்சம் விலக, உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. மூச்சோடு உள்ளே போனது ஈரம் மட்டுமே. அந்த ஈரம் நாளாவட்டத்தில் பட்டைகளில் களிம்பு ஏற்றியது. ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே சொன்னது.

பழைய கேம் பெட்டிகளை வீட்டு மேசையில் பிரித்துப் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். ஒரு பெட்டி செத்துவிட்டது என்று தோன்றும்போது அதன் மூளை பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஐந்து வோல்ட்டில், இன்றைய கணக்கில் ஆமை வேகத்தில் ஓடும் சிலிக்கான் சில்லு எளிதில் தேய்வதில்லை. கெடுவது சேருமிடங்கள்: ஊசியும் பட்டையும் தொடும் இடம், ஈயம் பிடித்த இடம், கண்டன்சரின் கால் போர்டைத் தொடும் இடம். ஆகவே ஐசியைச் சந்தேகிப்பதைக் கடைசிக்கு ஒத்திப்போடுவது நல்லது.

என்இஎஸ்ஸின் மூட்டுவலிக்கு ஒரு வரலாறு உண்டு. 1983 ஜூலையில் ஜப்பானில் வந்த அதன் மூத்த பிறவியான ஃபாமிகாமில் கேசட்டை மேலிருந்து நேராகச் செருக வேண்டும். 60 ஊசிகள், எளிமையான ஏற்பாடு. அதே காலத்தில் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டாலே கடைக்காரர்கள் ஒதுங்கினார்கள். ஆகவே அமெரிக்காவுக்கான பெட்டியை வீடியோ கேசட் பிளேயர் போலத் தோன்றும்படி செய்தார்கள். கேசட் முன்பக்கக் கதவு வழியே படுக்கைவாட்டில் உள்ளே போகும், பிறகு அதைக் கீழே அமுக்க வேண்டும். அமுக்கும்போது 72 ஊசிகளும் வில்போல வளைந்து பட்டைகளைத் தொடும். ஆயிரம் முறை வளைந்த ஊசி, முன்புபோல் நிமிர்ந்து அழுத்துவதில்லை. கடைக்காரரின் பயத்துக்காகச் செய்த ஒரு தோற்ற மாற்றம் நாற்பது வருடம் கழித்துப் பழுதுபார்ப்பவரின் மேசைக்கு வந்து சேர்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

சரி, தொடுகை கெட்டால் படம் கலைய வேண்டும். விளக்கு ஏன் ஒரு நொடிக்கு ஒருமுறை சிமிட்ட வேண்டும்? காரணம் ஒரு பூட்டு. பெட்டிக்குள் 10என்இஎஸ் என்ற நிரல் ஓடும் சின்னச் சில்லு ஒன்று இருக்கிறது. அசல் கேசட்டுக்குள்ளும் அதே சில்லு. பெட்டியில் இருப்பது பூட்டு, கேசட்டில் இருப்பது சாவி. இரண்டும் ஒரே கணக்கை ஒரே வேகத்தில் போட்டு, விடைகளைப் பரிமாறிக்கொண்டே இருக்கும். ஒரு விடை பிசகினாலும் பூட்டுச் சில்லு மொத்தப் பெட்டியையும் முதலிலிருந்து துவக்கிவிடும். பிறகு மறுபடி கேட்கும், மறுபடி துவக்கும். அதுதான் அந்தச் சிமிட்டல். இந்தப் பேச்சுக்கு நான்கு ஊசிகள். விளையாட்டுக்கான ஊசிகள் அனைத்தும் சரியாகத் தொட்டிருந்தாலும் இந்த நான்கில் ஒன்றில் அழுக்கிருந்தால் பெட்டி ஓடாது.

இந்தப் பூட்டை உடைக்க அமெரிக்காவில் ஒரு நிறுவனம் போன தூரம் சாதாரணமல்ல. அடாரி கேம்ஸ் தன் வழக்கறிஞர் மூலம் பதிப்புரிமை அலுவலகத்தில் பொய்க் காரணம் சொல்லி அந்த நிரலின் பிரதியை வாங்கியது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதற்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. வீட்டில் பழுதுபார்ப்பவருக்கு இவ்வளவு தேவையில்லை. பூட்டுச் சில்லின் நான்காவது காலை வெட்டித் தூக்கிவிட்டால் அது தன்னைச் சாவி என்று எண்ணிக்கொள்ளும். துவக்கும் வேலையை விட்டுவிடும். சிமிட்டல் நின்றுபோகும்.

நான் முதலில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். காலை வெட்டினால் நான்கு ஊசிகளின் புகார்தான் அடங்கும். மற்ற ஊசிகளில் அழுக்கு அப்படியே இருக்கும். சிமிட்டலுக்குப் பதில் கட்டம் கட்டமாகச் சிதைந்த படம் வரும். முதலில் சுத்தம் செய்ய வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துப் பட்டைகளைத் துடைத்தால் கருப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை குச்சிகளை மாற்றிக்கொண்டே துடைக்க வேண்டும். உப்புத்தாள் கூடவே கூடாது, பட்டையின் முலாம் போய்விடும். ஊசித் தொகுதியைக் கழற்றிக் கொதிநீரில் போட்டெடுத்து, நன்றாகக் காயவைத்து மாட்டுகிறவர்களும் உண்டு. பல பெட்டிகள் அதிலேயே எழுந்துவிடுகின்றன. மலிவான புதுத் தொகுதிகளில் சில கேசட்டை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். பழையதைச் சுத்தம் செய்வதே மேல். செம்புக்குடத்தைப் புளி போட்டுத் துலக்கிய கை இங்கேயும் புளியைத் தேடலாம். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் குடத்தைக் கழுவுவதுபோல் போர்டைக் கழுவ முடியாது. தங்கிப்போகும் அமிலமும் உப்பும் செம்பை அரிக்கும்.

பெட்டி மூச்சே விடவில்லை என்றால் மின்சாரம் வரும் வழியைப் பார்க்க வேண்டும். அமெரிக்க உறவினர் கொடுத்த என்இஎஸ் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான் வரும். இன்னொன்று, அந்த அடாப்டர் வெளியே தருவதும் 9 வோல்ட் மாறுமின்சாரம். ஃபாமிகாமுக்கு வேண்டியது நேர்மின்சாரம். ஒன்றின் அடாப்டரை மற்றதில் மாட்டி ஃபாமிகாமைக் கெடுத்தவர்கள் உண்டு. அடாப்டர் சரி என்றால் உள்ளே 7805 என்ற மூன்றுகால் ரெகுலேட்டர். டிவி மெக்கானிக்குகளுக்கு மனப்பாடமான எண். மல்டிமீட்டரை வைத்தால் வெளியீட்டுக் காலில் 5 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு டீ, வடைக் காசு.

இதைவிடப் பொறுமை கேட்கும் நோயாளி சேகாவின் கேம் கியர். 1990இல் வந்த கைப்பெட்டி, ஆறு பென்சில் பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். இன்று ஒன்றை எடுத்து ஓட்டினால் சத்தம் தேய்ந்து காதருகே முனகும், அல்லது படம் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும். போர்டில் ஒட்டியிருக்கும் குட்டிக் கண்டன்சர்கள்தான் காரணம். ஒவ்வொன்றும் ஒரு சுருள்: அலுமினியத் தகடு, அதன்மேல் நானோமீட்டர் கணக்கில் தடிமனுள்ள ஆக்சைடு ஏடு, இடையே மின்பகு திரவத்தில் ஊறிய காகிதம், எல்லாவற்றையும் அடைக்கும் ஒரு ரப்பர் மூடி. எண்பதுகளின் இறுதியில் இந்தச் சின்ன வகைகளில் குவாட்டர்னரி அம்மோனியம் உப்பு கலந்த திரவத்தைப் பயன்படுத்தினார்கள். அது காரமாக மாறி ரப்பரைத் தின்று வெளியே கசிந்தது. கசிந்தது செம்புத் தடங்களையும் அரித்தது. இந்தக் கண்டன்சரைச் சூடான சால்டரிங் அயர்னால் தொட்டதும் கருவாட்டு வாடை எழும். மீன் கெட்டால் வரும் டிரைமீத்தைல் அமீனும் சூட்டில் இந்த உப்பு உடைந்து வரும் சேர்மங்களும் ஒரே குடும்பம். மூக்கே சோதனைக்கருவி ஆகிவிடும் இடம் இது.

கசியாத கண்டன்சருக்கும் ஆயுள் உண்டு. 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறித்திருந்தால், பத்து டிகிரி குறையக் குறைய அது இரட்டிக்கும். 35 டிகிரியில் ஐந்து முறை இரட்டித்து 64,000 மணி, அதாவது இடைவிடாமல் ஓடினால் ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். மாற்றும்போது பழையதைத் திருகிப் பிடுங்கினால் அரித்துப்போன தடமும் கூடவே பெயர்ந்து வரும். இரண்டு பக்கமும் சூடேற்றி, தானாக நழுவ விட வேண்டும். புதியதாக டான்டலம் வகை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அலுமினிய வகையில் கோடு போட்ட பக்கம் எதிர்முனை, டான்டலத்தில் கோடு போட்ட பக்கம் நேர்முனை. மாற்றிப் பிடித்தால் வெடிக்கும். 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் கடிகாரத்துக்கென்றே இருக்கும் பெரிய கண்டன்சரும் இதேபோல் கசியும்; பெரும்பாலான மாடல்களில் அதைக் கழற்றி எறிந்தால் கடிகார நேரம் ஒன்றுதான் மறக்கும்.

ஆட்டத்தைப் பாதியில் சேமிக்கும் கேசட்டுகளில் இருக்கும் பட்டன் பேட்டரியை ஒரு கணக்கிலேயே சொல்லிவிடலாம். சிஆர்2032 வகையில் இருப்பது ஏறக்குறைய 225 மில்லிஆம்பியர்-மணி. நினைவகம் ஒரு மைக்ரோஆம்பியர் குடித்தால் 2,25,000 மணி, இருபத்தைந்து வருடம். 1987இல் அமெரிக்காவில் வந்த செல்டா கேசட்டின் பேட்டரி இந்த எல்லையைத் தாண்டியே பல வருடமாகிறது. மாற்றும்போது பேட்டரியின் உடம்பில் நேராக ஈயம் வைக்காதீர்கள். சூட்டில் அது வெடிக்கலாம். கால் பொருத்தியே விற்கும் பேட்டரியை வாங்க வேண்டும்.

மஞ்சளித்த பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெளுக்கிறார்கள். பல பெட்டிகள் மறுபடி மஞ்சளிக்கின்றன. ஓடுவதற்கு நிறம் தடையில்லை, நான் அதைத் தொடுவதில்லை.

எங்கள் வீட்டுப் பெட்டி ஃபாமிகாமைப் பார்த்துச் செய்த பெயரில்லா நகல். பரணில் கிடந்ததைச் சில வருடங்களுக்கு முன் இறக்கினேன். மின்சாரமே ஏறவில்லை. பிரித்தால் அடாப்டர் செருகும் சாக்கெட்டின் அடியில் ஈயத்தைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு வளைய வெடிப்பு. பிள்ளைகள் ஒயரை இழுத்து இழுத்து ஆட்டியதில் விட்டுப்போன இடம். கொஞ்சம் ஃப்ளக்ஸ், கொஞ்சம் புது ஈயம், மூன்று நொடி சூடு. அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய கருப்புப் பிசின் துளி இருந்தது. அசல் பெட்டியில் தனித்தனியாக இருக்கும் சில்லுகளை ஒன்றாக்கி அதற்குள் புதைத்திருக்கிறார்கள். அது கெட்டிருந்தால் எனக்கு வழியே இல்லை. உள்ளே போக ஒரு மூட்டுகூட வெளியே விடவில்லை. நல்லவேளை, அது உயிரோடிருந்தது.

கூட வந்த துப்பாக்கி மட்டும், வாத்து சுடும் விளையாட்டில், புது டிவியில் ஒரு வாத்தையும் வீழ்த்தவில்லை. துப்பாக்கியில் குற்றமில்லை. விசையை இழுத்ததும் விளையாட்டு ஒரு கணம் திரையைக் கருப்பாக்கி, அடுத்து வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் காட்டும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கியின் கண் பிடிக்க வேண்டும். பிக்சர் டியூப் டிவி வினாடிக்கு ஏறக்குறைய 15,700 கோடுகளாக, சமிக்ஞை வந்த அதே கணத்தில் படத்தை வரைந்தது; அசல் துப்பாக்கியின் சுற்றே அந்தத் துடிப்புக்காகத்தான் அமைக்கப்பட்டது. எல்சிடி படத்தை வாங்கி, யோசித்து, தாமதமாகக் காட்டுகிறது. அந்தத் துடிப்பும் அதில் இல்லை. அதனால் மாடி அறையில் ஒரு பழைய டியூப் டிவியை வைத்திருக்கிறேன். அதன் முதுகை மட்டும் நான் திறப்பதில்லை. ஒயரைப் பிடுங்கி நாட்கள் ஆன பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். அதற்கு முப்பது வருடம் டிவி பார்த்த மெக்கானிக் தெருமுனையில் இன்னும் இருக்கிறார்.