அறுவை சிகிச்சைக்குப் பின் உறையும் இரத்தம்

இடுப்பு மூட்டு மாற்றப்பட்டுவிட்டது, காயமும் ஆறி வருகிறது, இரண்டொரு நாளில் வீடு திரும்பலாம் என்று குடும்பத்தார் நிம்மதியடைந்திருக்கும் வேளையில், படுக்கையிலிருந்து எழுந்த நோயாளி திடீரென்று மூச்சுத் திணறிச் சாய்ந்து, உதவி வந்து சேருமுன் உயிர் துறப்பதுண்டு. கத்தி பட்ட இடத்தில் யாதொரு கோளாறும் இராது. காலின் ஆழத்திலுள்ள நாளத்தில் உறைந்திருந்த இரத்தக்கட்டி பெயர்ந்து, ஹிருதயத்தின் வலப்பாகத்தைக் கடந்து, நுரையீரல் தமனியை அடைத்திருக்கும். இத்தகைய மரணங்களில் பெரும்பகுதியைத் தடுக்க மார்க்கமிருக்கிறது என்பதே இதில் நெஞ்சை உறுத்தும் விஷயம்.

உறைவின் காரணங்கள்

இரத்த ஓட்டம் மந்தமாதல், நாளத்தின் உட்சுவர் சேதமுறுதல், இரத்தமே உறையும் சுபாவம் மிகுதல் என்ற மூன்று காரணங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய மேதை ருடால்ஃப் விர்ஹோவின் பெயரால் வைத்திய நூல்களில் வழங்குகின்றன. பெரிய அறுவை சிகிச்சை இம்மூன்றையும் ஒருசேரக் கொண்டுவந்துவிடுகிறது. நடக்கும்போது இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளும் கெண்டைக்கால் தசைகள், மயக்கத்திலும் பின்னர் படுக்கையிலும் வாளாவிருக்கின்றன. அறுபட்ட திசுக்களோ உறைதலைத் தூண்டுகின்றன. முதியோர், பருமனானோர், புற்றுநோய் உள்ளோர், முன்னமே ஒருமுறை இரத்தம் உறைந்தோர் ஆகியோருக்கு அபாயம் அதிகம்.

சிறு அளவின் பெருமை

1916-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜே மக்லீன் என்ற மாணவரின் ஆராய்ச்சியில் தொடங்கிய ஹெப்பாரின், இரத்தம் உறையாமல் காப்பதில் வல்லது; ஆயினும் காயம் ஆறுமுன் அதைச் செலுத்தினால் நோயாளி இரத்தம் சிந்தியே மாண்டுவிடுவாரோ என்று அறுவை நிபுணர்கள் அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானதே. எனினும், உறைதல் தொடங்குமுன் அதைத் தடுக்கச் சிறிதளவு மருந்தே போதும், உறைந்தபின் அடக்கத்தான் பேரளவு வேண்டும் என்ற நுட்பத்தை ஆதாரமாகக் கொண்டு, லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையைச் சேர்ந்த, இந்திய வம்சத்தவரான விஜய் கக்கர், பல நாட்டு மருத்துவமனைகளை ஒன்றுசேர்த்துச் சுமார் 4,100 நோயாளிகளிடம் பரிசோதனை நடத்தினார். 1975-இல் வெளியான அதன் முடிவு தெளிவானது: மருந்து பெறாதோரில் 16 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்திருக்க, 5,000 யூனிட் வீதம் தோலுக்கடியில் பெற்றோரில் இறந்தோர் இருவரே. காயத்தில் இரத்தம் கட்டுவது சற்று மிகுந்தது உண்மைதான். காக்கப்பட்ட உயிர்களுக்கு அது கொடுக்கத்தக்க விலையே என்பது என் அபிப்பிராயம்.

இன்றைய முறை

இப்போது எனாக்சபாரின் என்ற மருந்து, பெரும்பாலும் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் அளவில் வயிற்றுத் தோலில் போடப்படுகிறது. தொப்புளுக்கு இரண்டு அங்குலம் தள்ளி, தோலை விரல்களால் மடித்துப் பிடித்து, ஊசியை நேராகச் செருகி, மருந்து முழுதும் இறங்கும்வரை மடிப்பை விடாதிருத்தல் வேண்டும். பின்னர் அவ்விடத்தைத் தேய்க்கலாகாது, தேய்த்தால் இரத்தம் கன்றும். மூட்டு மாற்றியவர்களுக்கு ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற மாத்திரைகளும் உண்டு. சிறுநீரகம் பழுதுற்றோருக்கும், அண்மையில் குடற்புண்ணிலோ மூளையிலோ இரத்தம் கசிந்தோருக்கும் மருந்தும் அளவும் மாறும். முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடுவதாயின், இந்த உறைதடுப்பு மருந்தை அதற்குமுன் போட்ட நேரத்தையும் வைத்தியர் கணக்கிட்டாக வேண்டும். ஆகவே இதைத் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்வது தகாது.

வீடு திரும்பிய பின்

மருத்துவமனையை விட்டதும் அபாயம் தீர்ந்துவிடுவதில்லை. இடுப்பு மூட்டு மாற்றத்துக்குப் பின் 35 நாள் வரையிலும், வயிற்றுப் புற்றுநோய் அறுவைக்குப் பின் நான்கு வாரம் வரையிலும் மருந்தைத் தொடர வேண்டியிருக்கலாம். வலி குறைந்ததென்று இடையில் நிறுத்துவோர் பலர். "அசையாமல் படு, தையல் பிரிந்துவிடும்" என்று பரிவோடு தடுக்கும் உற்றார், வைத்தியர் அனுமதித்த பின்னும் அவ்வாறு தடுப்பது நோயாளிக்குக் கேடே செய்கிறது; எழ இயலாதவர் படுத்தபடியே பாதங்களை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருக்கலாம்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால், தைலம் தேய்த்து உருவிவிடாமல் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். காரணமின்றி மூச்சு வாங்கினாலும், மூச்சை இழுக்கையில் மார்பு குத்தினாலும், இருமலில் இரத்தம் கண்டாலும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றிராமல் அப்போதே ஆம்புலன்ஸை அழைத்து, என்று அறுவை நடந்தது, என்ன மருந்து போடப்படுகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.