காது சொல்லும் பொய்

1999 ஜூலை 16 இரவு, நியூஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு ஒற்றை இன்ஜின் பைப்பர் சரடோகா விமானம் ஒன்று புறப்பட்டது. ஓட்டியவர் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், முன்னாள் அமெரிக்க அதிபரின் மகன். மனைவியும் மனைவியின் அக்காவும் உடன் இருந்தார்கள். கடலுக்கு மேலே இருட்டு, மூட்டம். தீவை நெருங்கும்போது விமானம் சுழன்று நீரில் விழுந்தது. மூவரும் இறந்தனர்.

இயந்திரத்தில் கோளாறு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. திசையுணர்வு தடுமாறி விமானி கட்டுப்பாட்டை இழந்தார் என்றது விசாரணை. வெளியே பார்த்து ஓட்டுவதற்கான உரிமம் அவரிடம் இருந்தது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதிக்கான பயிற்சியில் ஏறக்குறைய பாதியைத்தான் முடித்திருந்தார்.

தட்டாமாலை சுற்றிய பிள்ளைகளைக் கேளுங்கள். நின்ற பிறகும் தரை சுற்றும். உட்செவியின் அரைவட்டக் குழல்களில் இருக்கும் திரவம் இன்னும் ஓய்ந்திருக்காது. வானத்தில் இதுவே தலைகீழாக நடக்கிறது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், சில விநாடிகளில் திரவமும் குழலோடு சேர்ந்து நகரத் தொடங்கிவிடும். நேராகப் போகிறோம் என்று காது உறுதியாகச் சொல்லும். தொடுவானம் தெரிந்தால் கண் அந்தப் பொய்யைத் திருத்திவிடும். மேகத்துக்குள் கண்ணுக்கு வேலையே இல்லை. ஒரு பக்கம் சாய்ந்த விமானம் உயரத்தை இழக்கும். விமானி சாய்வைச் சரிசெய்யாமல் மூக்கை மட்டும் மேலே இழுப்பார். சுழற்சி இன்னும் இறுகும்.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி விமானம் ஓட்டவைத்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரியாக ஆன நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

இத்தனைக்கும் மாற்றுவழி 1929 செப்டம்பரிலேயே பிறந்துவிட்டது. ஜிம்மி டூலிட்டில் மூடப்பட்ட விமானி அறைக்குள் அமர்ந்து, செயற்கைத் தொடுவானத்தையும் மற்றக் கருவிகளையும் மட்டும் பார்த்தபடி நியூயார்க்கில் மேலேறி, சுற்றிவந்து, தரையிறங்கிக் காட்டினார். ஆனால் கருவி இருந்தால் மட்டும் போதாது. உடம்பு அலறும்போது கருவியின் முள்ளை நம்பும் பழக்கம் வேண்டும். பழக்கமோ விட்டால் போய்விடும்.

அதனால்தான் அமெரிக்க விதி இப்படி இருக்கிறது. 40 மணி நேரக் கருவிப் பயிற்சி முடித்துத் தேர்வில் தேறியவரின் தகுதி காலாவதி ஆவதில்லை. அதைப் பயன்படுத்தும் உரிமை காலாவதி ஆகும். ஒவ்வொரு ஆறு மாதத்துக்குள்ளும், கருவிகளைக் கொண்டே ஓடுபாதையை நோக்கி இறங்கும் பயிற்சியை ஆறு முறை செய்திருக்க வேண்டும். வானில் வட்டமிட்டுக் காத்திருக்கவும், ரேடியோ வழித்தடத்தைப் பிடித்துப் பறக்கவும் வேண்டும். தவறினால், தெளிவான நாளில் வெளியே தெரியாதபடி முகமறைப்பு அணிந்து, அக்கம்பக்கம் கவனிக்கப் பக்கத்தில் இன்னொரு விமானியை உட்காரவைத்து, விட்டதை ஈடுசெய்யலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பறப்பவருக்கு இது கடுமையாகத் தோன்றலாம். என்னைக் கேட்டால், ஆறு என்பதே குறைவு.

மேலும் ஆறு மாதம் கடந்துவிட்டால் பயிற்றுநர் அல்லது தேர்வாளர் முன் திறன் சோதனையில் தேற வேண்டும். அதுவரை, ஆயிரம் மணி நேரம் பறந்தவராக இருந்தாலும், தலைமை விமானியாக மேகத்துக்குள் நுழைய அவருக்கு அனுமதி இல்லை.